மங்கல வாழ்த்தைக் காது குளிரக் கேளு, அம்மிணி

உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் முடிந்த மறுநாளே தங்கைமார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, என் கல்யாணம் எனக்குன்னு தனியாத் தெரியோணும். என்ன பண்ணலாம்?" நியாயமான ஆசைதான். ஆனால் அந்தக் கேள்வியோடு முதலில் மண்டப அலங்காரக்காரரிடம் போய் நிற்காதே. அவர் ஆல்பத்தை விரிப்பார். அவிநாசி ரோட்டு மண்டபத்திலும் பொள்ளாச்சி மண்டபத்திலும் போட்ட அதே பூச்சுவர், அதே பெயர்ப் பலகை, அதே ஊஞ்சல். காசும் போகும், கல்யாணமும் அடுத்த வீட்டுக் கல்யாணம் போலவே இருக்கும்.

முதலில் போக வேண்டியது சீர்களை முன்னின்று நடத்திவைக்கும் உங்கள் வீட்டு அருமைக்காரரிடம். நம் கொங்குக் கல்யாணத்தில் தாய்மாமன், நாத்தனார், ஊர்ப் பெரியவர், பாட்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சீர் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சீர்களை அவசரப்படாமல், உனக்குப் பிரியமானவர்கள் கையால் நடத்திப் பார். கல்யாணம் தானாகவே உன்னுடையதாகிவிடும். புதிதாக நிறையச் சேர்க்க வேண்டியதே இல்லை. (நான் எங்கள் வீட்டு முறையை வைத்து எழுதுகிறேன். ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் சீர் மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான் உனக்குக் கணக்கு.)

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அருமைக்காரர் எதிரில் உட்கார். முகூர்த்தக்கால் நடுவதில் தொடங்கி நாட்டுக்கல் சீர், இணைச்சீர், மாமன் செய்ய வேண்டியது, தாலி கட்டு, கைகோர்வை என்று அவர் சொல்லச் சொல்ல வரிசையாக எழுது. ஒவ்வொன்றுக்கும் நேராக யார் செய்யப் போகிறார், என்ன சாமான் வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றும் குறித்துக்கொள். பிறகு அந்தப் பட்டியலை நகல் எடுத்து போட்டோக்காரர், மேளக்காரர், மண்டப மேனேஜர் மூவருக்கும் கொடு. முந்தின நாள் இரவு வரவேற்பு நீண்டு, விடியற்காலை முகூர்த்தமும் வந்துவிட்டால் நடுவில் நசுங்குவது சீர்கள்தான். எந்த மூன்று சீரை யாரும் சுருக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வை. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. மூன்றைக் காப்பாற்றலாம்.

அந்த மூன்றில் மங்கல வாழ்த்து கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். கம்பர் பாடிக் கொடுத்தது என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் பாட்டு அது. பெண் பார்ப்பதில் ஆரம்பித்து, நாள் குறித்து, பந்தல் போட்டு, சொந்தபந்தம் கூடி, தாலி கட்டி முடிவது வரை ஒரு கல்யாணம் முழுவதும் அந்தப் பாட்டுக்குள் நடக்கும். குடிமகன் என்று நாம் சொல்லும் ஊர் நாவிதர் நின்று பாடுவார். ஒவ்வொரு அடி முடியும்போதும் மேளம் ஒரு தட்டுத் தட்டும். இன்றைக்குப் பல மண்டபங்களில் அதே நேரத்தில்தான் பந்திக்குக் கூப்பிடுகிறார்கள், டிரோன் பறக்கிறது, போட்டோக்காரர் "இங்க பாருங்க, சிரிங்க" என்கிறார். உன் பெயருக்கு வாழ்த்துப் பாடுகிறார்கள், உன் காதில் ஒரு அடியும் விழவில்லை என்றால் அது பெரிய இழப்பு, அம்மிணி.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பாடுகிறவரை ஒரு வாரம் முன்பே பார்த்து, "முழுசாப் பாடோணுங்க, எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்று கேள். அவருக்குத் தனியாக ஒரு நல்ல மைக் வைக்கச் சொல். அந்த நேரம் பந்தியும் பாட்டுப்பெட்டியும் வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிடு. வயதானவர்களை முன் வரிசையில் உட்கார வை. பலருக்குப் பாதி அடி மனப்பாடம், கூடவே முணுமுணுப்பார்கள். பாடினவருக்கு வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு, சம்பாவனை எல்லாம் தட்டில் வைத்து, எல்லோரும் பார்க்க நீங்கள் இருவருமே கொடுங்கள். சேர்ந்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பங்களில் நான் தேடித் தேடிக் காணாத முகம் அவருடையது.

இணைச்சீரில் மாப்பிள்ளையோடு உட்காரப் போவது அவருடைய அக்காவோ தங்கையோ. உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா, சித்தப்பா மகள். அந்தப் பெண்ணுக்கான சேலையை எடுக்கப் போகும்போது அவளையும் கோவை ஒப்பணக்கார வீதிக்குக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்குப் பிடித்த நிறத்தை அவளே எடுக்கட்டும். வழியில் கோனியம்மனைக் கும்பிட்டு, கூட உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நாத்தனார் உறவு மணவறையில் தொடங்குவதைவிட அங்கே தொடங்குவது நல்லது.

இனி நான் சொல்லப் போவதில் சில பெரியவர்களுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன். அப்பா இல்லாமல் அம்மா தனியாக வளர்த்த பெண்ணாக நீ இருந்தால், அம்மாவைச் சமையல்கட்டுப் பக்கமோ கடைசி வரிசையிலோ நிற்க விடாதே. காடு கரை பார்த்து, மாடு கறந்து, பீஸ் கட்டி உன்னைப் படிக்க வைத்தவள் உன் கல்யாணத்தில் ஒதுங்கி நிற்பதைச் சகித்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. அன்றைக்கு மணவறையில் வைத்து வாதாடினால் அம்மாதான் கூனிக் குறுகிப் போவாள். அதனால் நோட்டு எழுதும் நாளிலேயே அருமைக்காரரிடம் பேசு: "எங்கம்மா கையால என்னென்ன செய்யலாமுங்க?" தாலித் தட்டை எடுத்துக் கொடுப்பது, முதல் அரிசி போட்டு வாழ்த்துவது, தாரை வார்க்கும்போது பக்கத்தில் நிற்பது என்று ஏதாவது ஒன்றில் தொடங்கலாம். விவரம் தெரிந்த அருமைக்காரர்கள் பலர் மனசார ஒத்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னால் ஊரும் கேட்கும். முதலில் அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் நாளாகும். அதற்கு நேரம் வைத்துக்கொள்.

சேலைக்கு வருவோம். கூறைப்புடவையை வீட்டு வழக்கப்படி எடு. ஆனால் அம்மாவின் முகூர்த்தப் பட்டு பெட்டிக்குள் இருந்தால் இப்போதே வெளியே எடுத்துப் பார். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பிலேயே விட்டுப் போயிருக்கும். உடம்புப் பகுதி போயிருந்தாலும் பார்டர் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். அதை வெட்டி உன் ரவிக்கைக் கைக்கு வைத்துத் தைக்கலாம். டெய்லரிடம், பழைய பட்டுக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி கொடுத்து முதலில் ஓட்டுத் தையல் போட்டுவிட்டு அப்புறம் மிஷினில் ஏற்றச் சொல். நேராக மிஷினில் கொடுத்தால் ஊசி போன வழியெல்லாம் கிழியும். வரவேற்புக்கு சிறுமுகை மென்பட்டு போதும், உடம்புக்கு இதமாக இருக்கும், நம் பக்கத்துத் தறியில் நெய்தது. அத்தை, சித்திகளுக்கு எடுக்கும் சேலைகளில் நெகமம் காட்டனையும் கோவை கோரா காட்டனையும் சேர்த்துக்கொள். இரண்டும் புவிசார் குறியீடு வாங்கியவை. அடுத்த நாளும் கட்டிக்கொள்ளலாம் என்பதால் வாங்கிக்கொண்டவர்கள் உன்னை நினைப்பார்கள்.

சீர்த் தட்டுக்கும் செம்புக்கும் வாடகைச் சாமான் வேண்டாம். பரணில் பாட்டியின் பித்தளை இருக்கும். கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாக அவர் பெயர் வெட்டியிருக்கும், சிலதில் ஊர்ப் பெயரும் கூட. ஒடுங்கிப் போயிருந்தால் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் தட்டி நிமிர்த்தித் தருவார்கள். புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வந்துவிடும். மேடையில் சிவப்புக் கார்ப்பெட்டுக்குப் பதிலாக பவானி ஜமக்காளம் விரிக்கச் சொல். கைத்தறிதானா என்று கேட்டு வாங்கு, விசைத்தறிப் போலி நிறைய வருகிறது.

தை முகூர்த்தமாக இருந்தால் மல்லிகையை நம்பித் திட்டம் போடாதே. பனிக் காலத்தில் சத்தியமங்கலம் மல்லிகை வரத்துச் சுருங்கி விலை எங்கேயோ போய்விடும். தலைக்கு மட்டும் மல்லிகை வைத்துக்கொள். மணவறைக்குச் சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து. மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட்டில் விடியும் முன்பே போய் நின்றால் அலங்காரக்காரர் சொல்லும் தொகைக்கும் உண்மை விலைக்கும் உள்ள தூரம் தெரியும். வாசலுக்கு வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், நுங்குக் குலை கிடைத்தால் அதுவும்.

முந்தின நாள் ராத்திரிக்குச் சினிமாப் பாட்டு நடனத்தை விட வள்ளிக்கும்மி எவ்வளவோ மேல். மேட்டுப்பாளையம் வட்டாரத்துப் பத்திரப்பன் ஐயா 2024-ல் பத்மஸ்ரீ வாங்கினது இந்தக் கும்மிக்காகத்தான். ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்ததைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர். இப்போது ஊருக்கு ஊர் பெண்கள் குழு இருக்கிறது, உன் சித்தி மகள்களே ஆடத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். மேடையில் ஏற்றாதே. கும்மிக்கு வட்டம் வேண்டும், மண் தரை வேண்டும், சுற்றி நின்று பார்க்கிறவர்கள் உள்ளே புகுந்து ஆட இடம் வேண்டும். மண்டபத்துக்கு முன்னாலிருக்கும் வண்டி நிறுத்துமிடத்தை ஒரு மணி நேரம் காலி பண்ணினால் போதும். அன்றைய சாப்பாட்டில் சாட் கவுண்டருக்குப் பதில் சந்தகையும் தேங்காய்ப்பாலும், ஒப்புட்டும் நெய்யும், கடைசியில் கொள்ளு ரசமும் வை. சந்தகை சுடச்சுடப் பிழிய வேண்டியது. முகூர்த்தக் கூட்டத்துக்கு முடியாது, முந்தின நாள் அளவான கூட்டத்துக்கு முடியும் என்று சமையல்காரரே சொல்லுவார்.

தாம்பூலத்துக்கு மஞ்சப்பைதான். 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை இருப்பதும் ஒரு காரணம். அதைவிட, நம் வீடுகளில் பல வருடத்துக்கு முந்தைய கல்யாணப் பை இன்னும் சந்தைக்குப் போய்வருகிறது. பொண்ணு மாப்பிள்ளை பெயர், தேதி, ஊர் மட்டும் அச்சடி. துணி கனமாக இருக்கட்டும், காது இரட்டைத் தையலாக இருக்கட்டும். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஒரு கொம்பு ஈரோட்டு மஞ்சள் போடு.

மொய் எழுத உட்காருகிறவரிடம், பெயருக்கும் ஊருக்கும் பக்கத்தில் போன் நம்பருக்கும் ஒரு கட்டம் போடச் சொல். கல்யாணம் முடிந்து விருந்து சுற்றும் நாட்களில் தினம் சில பேருக்குக் கூப்பிட்டு நீயே பேசு. பணம் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்க்காமல், தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களை முதலில் கூப்பிடு. பத்திரிகையில் நாலைந்தைத் தனியாக எடுத்து உன் சான்றிதழ்களோடு வைத்துக்கொள். 2009-ம் வருடத்துச் சட்டப்படி கல்யாணத்தைத் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிவு செய்தாக வேண்டும், 90 நாளுக்குள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரிகையும் கேட்பார்கள். மறுவீடு, விருந்து என்று நாள் ஓடிவிடும் என்பதால் எந்தக் கிழமை போவது என்பதையும் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதி வைத்துவிடு.