பார்மேட்: சொல் ஒன்று, வேலை நான்கு

"மாமா, கட்டுரை நல்லா வந்திருக்கு. கொஞ்சம் பார்மேட் பண்ணிட்டு மறுபடி அனுப்புங்க."

போனில் நான் சொன்னது இவ்வளவுதான். என் மாமா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகுதான் முதன்முதலாக ஒரு லேப்டாப் வாங்கினார். ஆண்டு விழா மலர் ஒன்றுக்காகக் கட்டுரை டைப் செய்து எனக்கு மெயிலில் அனுப்பியிருந்தார். தலைப்பும் உள்ளே இருந்த எழுத்தும் ஒரே அளவு. பத்திகளுக்கு நடுவே இடைவெளி இல்லை. அதைச் சரி செய்யச் சொல்லத்தான் 'பார்மேட்' என்றேன்.

மாமா வேர்டில் தேடிப் பார்த்திருக்கிறார். அந்தப் பெயரில் மெனு எதுவும் இல்லை. கட்டுரை இருந்தது பென் டிரைவில். பென் டிரைவின் ஐகான் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தியபோது வந்த பட்டியலில் 'பார்மேட்' என்று தெளிவாக எழுதியிருந்தது. கிளிக் செய்தார். அடுத்து வந்த கட்டத்தில் ஸ்டார்ட் கொடுத்தார். எல்லா டேட்டாவும் அழிந்துவிடும் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. கம்ப்யூட்டர் எதற்கெடுத்தாலும் ஏதாவது கேட்கும், மருமகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஓகே கொடுத்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. "பண்ணிட்டேன் மாப்ளே. ஆனா உள்ளே ஒண்ணையும் காணோமே?"

கட்டுரை என் மெயிலில் பத்திரமாக இருந்தது. ஆனால் காலமான என் அத்தையின் படங்கள் எல்லாம் அதே பென் டிரைவில்தான் இருந்தன. வேறு எங்கும் காப்பி இல்லை.

இதில் மாமாவின் தவறு எதுவும் இல்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டு சாப்ட்வேர் வேலை பார்க்கும் எனக்கு அந்தச் சொல் பழகிப் போயிருந்தது. எதை பார்மேட் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நீங்களும் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர் என்றால், இந்த ஒரு சொல்லை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அடிப்படை அர்த்தம்

பார்மேட் என்பது, வடிவம் என்று பொருள்படும் 'பார்மா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு புத்தகத்தின் அளவையும் அமைப்பையும் குறிக்க அச்சுத் தொழிலில் இதைப் பயன்படுத்தினார்கள். கிரிக்கெட்டில் டெஸ்ட், 50 ஓவர், 20 ஓவர் ஆகியவற்றை மூன்று பார்மேட் என்கிறோம் அல்லவா? விளையாட்டு ஒன்றுதான், அமைப்பு மட்டும் வேறு. கம்ப்யூட்டரிலும் 'ஒரு வடிவத்துக்குள் அமைப்பது' என்பதுதான் பொருள். ஆனால் எதை அமைக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாக மாறிவிடும்.

1. எழுத்தை பார்மேட் செய்வது

வேர்டில் எழுத்தைத் தடிமனாக்குவது, நிறம் மாற்றுவது, பத்தியை நடுவில் கொண்டுவருவது எல்லாம் இந்த வகை. வேர்ட் 2003 வரை இதற்கென்று மேலே பார்மேட் என்றே ஒரு மெனு இருந்தது. வேர்ட் 2007-ல் அந்த மெனு போய், வசதிகள் ஹோம் டேபுக்கு வந்துவிட்டன. மாமா தேடியும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

ஹோம் டேபில் சின்ன பிரஷ் படம் ஒன்று இருக்கும். அதன் பெயர் பார்மேட் பெயின்டர். ஒரு தலைப்பை அழகாக அமைத்த பிறகு, அதைத் தேர்வு செய்து பிரஷ்ஷை ஒரு முறை கிளிக் செய்யுங்கள். பிறகு வேறொரு தலைப்பின் மேல் மவுஸை இழுத்தால் அதுவும் அதே அமைப்புக்கு மாறிவிடும். பிரஷ்ஷை டபுள் கிளிக் செய்தால் பல இடங்களில் பயன்படுத்தலாம். போதும் என்றால் எஸ்கேப் கீயை அழுத்துங்கள்.

இதில் பயமே வேண்டாம். தோற்றம் மாறுமே தவிர எழுத்து அழியாது. பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தினால் பழையபடி வந்துவிடும்.

2. பைலின் பார்மேட்

இங்கே பார்மேட் என்பது பைலின் வகை. போட்டோவுக்கு ஜேபெக், படிவத்துக்கு பிடிஎப், வேர்ட் கட்டுரைக்கு டாக்எக்ஸ் என்று பல உண்டு. பிடிஎப் என்ற சுருக்கத்தின் கடைசி எழுத்தே பார்மேட்டைத்தான் குறிக்கிறது. அடோபி நிறுவனம் 1993-ல் வெளியிட்ட இந்த வகை, 2008-ல் சர்வதேசத் தரமாக ஆனது.

'பிடிஎப் பார்மேட்டில் அனுப்பவும்' என்று ஒரு விண்ணப்பத்தில் கேட்டால், பலர் பைல் பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸ் என்பதை அழித்துவிட்டு பிடிஎப் என்று மாற்றி அனுப்புகிறார்கள். பெயரை மாற்றினால் வகை மாறாது! மிளகாய்த்தூள் டப்பாவில் சர்க்கரை என்று ஸ்டிக்கர் ஒட்டுவது போலத்தான் அது. அந்தப் பக்கம் பைல் திறக்காது. வேர்டில் சேவ் ஆஸ் கொடுத்து, பைல் வகை என்ற கட்டத்தில் பிடிஎப் என்பதைத் தேர்வு செய்யுங்கள். பழைய பைல் அப்படியே இருக்கும், புதிதாக ஒரு பிடிஎப் பைல் உருவாகும். ஆக, இதிலும் இழப்பு இல்லை.

3. டிஸ்க்கை பார்மேட் செய்வது

ஆபத்து இருப்பது இங்கேதான். ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றில் பைல்களைப் போட்டு வைக்க ஓர் ஒழுங்கு தேவை. எந்த பைல் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள ஒரு பதிவேடு தேவை. அந்த ஒழுங்கைப் புதிதாக அமைப்பதுதான் டிஸ்க் பார்மேட். புதிய பதிவேடு வந்ததும் பழைய பதிவேடு போய்விடும். கன்ட்ரோல் இசட் இங்கே வேலை செய்யாது.

பார்மேட் கட்டத்தில் என்டிஎப்எஸ், எக்ஸ்பேட், பேட்32 என்று பெயர்கள் வரும். இவை பதிவேட்டின் வகைகள். பேட்32-ல் 4 ஜிபி அளவையோ அதற்கு மேலோ உள்ள ஒரு தனி பைலை வைக்க முடியாது. பென் டிரைவில் இடம் இருந்தும் பெரிய சினிமா பைல் காப்பி ஆகாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

அதே கட்டத்தில் 'குவிக் பார்மேட்' என்று ஒரு டிக் இருக்கும். டிக் இருந்தால் பதிவேடு மட்டும் புதிதாகும். பைல்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும், ஆனால் பென் டிரைவில் அவற்றின் டேட்டா உள்ளே கிடக்கும். டிக்கை எடுத்துவிட்டால் விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிந்தைய பதிப்புகளில் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். பிறகு மீட்க வழியில்லை.

இன்னொரு பொறி. சில சமயம் பென் டிரைவைச் செருகியதும், 'இதைப் பயன்படுத்த முதலில் பார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று விண்டோஸ் தானாகவே கேட்கும். பதிவேட்டை அதனால் படிக்க முடியவில்லை என்பதுதான் இதன் பொருள். உள்ளே ஒன்றும் இல்லை என்று பொருள் அல்ல. கேன்சல் கொடுங்கள். வேறு போர்ட்டில், வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள்.

4. சிஸ்டத்தை 'பார்மேட் அடிப்பது'

இது நம் ஊர் சர்வீஸ் கடைகளில் கேட்கும் அர்த்தம். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கொண்டு போனால், "பார்மேட் அடிச்சுடலாம் சார்" என்பார்கள். சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதைச் சொல்கிறார்கள். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்று நீங்கள் தினமும் பார்க்கும் போல்டர்கள் வழக்கமாக இருப்பது அந்த சி டிரைவில்தான்! எனவே சரி என்று சொல்லும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

* சி டிரைவ் மட்டுமா, மற்ற டிரைவுகளுமா என்று கேளுங்கள்.
* முக்கியமான பைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்து, திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.
* பார்மேட் கட்டாயமா என்று கேளுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உங்கள் பைல்களை விட்டுவிட்டு விண்டோஸை மட்டும் ரீசெட் செய்யும் வசதி உண்டு. அதில் நீங்கள் போட்ட சாப்ட்வேர்கள் போய்விடும், எனவே அவற்றின் பட்டியலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தவறிப் போய் பார்மேட் செய்துவிட்டால்?

அன்று மாமாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "அதுல ஒண்ணும் காப்பி பண்ணாதீங்க மாமா, கழட்டி வெச்சுடுங்க." புதிதாக எதை எழுதினாலும் உள்ளே கிடக்கும் பழைய டேட்டாவின் மேல் அது போய் உட்காரும். இதுதான் மிக முக்கியம்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேரில் பென் டிரைவைத் தேட வைத்தேன். மீட்கும் பைல்களை அதே பென் டிரைவில் சேமிக்கக் கூடாது, லேப்டாப்பில்தான் சேமிக்க வேண்டும். குவிக் பார்மேட் என்பதால் பெரும்பாலான படங்கள் கிடைத்தன. சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன. சில வரவே இல்லை. கிடைத்தவற்றுக்கும் பழைய பெயர்கள் இல்லை. போட்டோரெக் பதிவேட்டைப் பார்ப்பதில்லை, டேட்டாவின் அமைப்பை வைத்தே பைலைக் கண்டுபிடிக்கிறது. அதனால் ஒவ்வொன்றுக்கும் எண்களாலான ஒரு பெயரைத்தான் தரும். எந்த ஊர், எந்த வருடம் என்று மாமா ஒவ்வொரு படத்துக்கும் வைத்திருந்த பெயர்கள் போயே போய்விட்டன. பல நாள் உட்கார்ந்து மறுபடி பெயர் வைத்தார். இரண்டு படங்கள் எங்கே எடுத்தவை என்பது அத்தைக்குத்தான் தெரியும் என்றார். அவை எண்களோடு அப்படியே இருக்கின்றன.

இப்போது அந்தப் படங்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன: லேப்டாப்பில், எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், என் வீட்டில் ஒரு காப்பி.

'பார்மேட்' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும், 'எதை?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். எழுத்து என்றால் தைரியமாகச் செய்யுங்கள். பைல் என்றால் சேவ் ஆஸ் கொடுங்கள். டிஸ்க் அல்லது சிஸ்டம் என்றால் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு, காப்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாமா இப்போது அப்படித்தான் கேட்கிறார். போன வாரம் பேசும்போது, "லெட்டரை பார்மேட் பண்ணணும் மாமா" என்றேன். "எழுத்தைத்தானே மாப்ளே?" என்று உறுதி செய்துகொண்ட பிறகே மவுஸைத் தொட்டார்.