காந்த நாடாவும் காப்பு நகலும்

கணினியில் சேர்த்து வைத்த தரவு ஒருநாள் அழிந்து போகலாம் என்ற அச்சமே காப்பு நகல் எடுக்கும் வழக்கத்தைத் தோற்றுவித்தது. 1980களிலும் 1990களிலும் பொறியியல் வரைபடம், வானியல் கணக்கீடு, மூலக்கூறு ஆய்வு முதலியவற்றுக்குப் பயன்பட்ட ஒர்க்ஸ்டேஷன் என்னும் பணிநிலையக் கணினிகளில் இந்நகல் பெரும்பாலும் காந்த நாடாவில் எடுக்கப்பட்டது. வட்டைவிட நாடா மலிவு என்பதே காரணம். அந்நாடாக்களுள் பல பிற்காலத்தில் படிக்க முடியாதவை ஆயின. நாடா கெட்டுப் போனது மட்டும் இதற்குக் காரணம் அன்று. படிக்கும் கருவியும் அதற்குத் துணைநிற்கும் நிறுவனமும் இல்லாமற் போனதும் காரணமாகும். இது எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

பேழை ஒன்று, முறை பல

3எம் நிறுவனம் 1972இல் கால் அங்குல அகலமுள்ள நாடாப் பேழையை அறிமுகம் செய்தது. சன் நிறுவனத்தின் பணிநிலையங்களில் இது பெரிதும் வழங்கியது. ஒரே தோற்றமுடைய பேழைகளில் எழுதும் முறைகள் மட்டும் பெருகின. கியூ.ஐ.சி. 24 என்னும் முறையில் 9 தடங்கள், கியூ.ஐ.சி. 150 என்னும் முறையில் 18 தடங்கள். பின்னதற்கான கருவி முன்னதன் நாடாவைப் படிக்கும். ஆனால் அம்முறையில் எழுதாது. எனவே புதிய கருவி வாங்கியவர், பழைய கருவி மட்டுமே உடையவருக்குத் தம் தரவை நாடாவில் அனுப்ப இயலாது.

1987இல் எக்ஸாபைட் நிறுவனம் 8 மில்லிமீட்டர் நாடாக் கருவியை வெளியிட்டது. 1989இல் சோனியும் ஹியூலெட் பக்கார்டும் டி.டி.எஸ். என்னும் 4 மில்லிமீட்டர் முறையைக் கொணர்ந்தன. ஒன்றின் பேழை மற்றொன்றில் நுழையவே நுழையாது.

வரிசை மாறும் எழுத்துகள்

பேழை பொருந்தினாலும் தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. சிலிக்கான் கிராஃபிக்ஸ் பணிநிலையத்தில் எழுதிய கால் அங்குல நாடாவைச் சன் கணினியில் படித்தால், பைட்டுகள் இரண்டிரண்டாக இடம் மாறி வருவதுண்டு. ‘க ங ச ஞ’ என எழுதியது ‘ங க ஞ ச’ என வருவதாகக் கொள்ளலாம். யூனிக்ஸின் ‘டிடி’ என்னும் கட்டளையைக் கொண்டு இதைச் சீர்செய்ய முடியும். ஆனால் பிழை இன்னதென்று அறியாதவர், நாடாவே பழுதென்று எண்ணித் தூக்கி எறிந்திருக்கவும் கூடும்.

இணைப்பும் மென்பொருளும்

இக்கருவிகள் பலவும் ஸ்கஸி என்னும் இணைப்பால் கணினியுடன் சேர்க்கப்பட்டன. அதிலும் மின்னழுத்த முறை வேறுபட்டவை உண்டு. மாற்றி இணைத்தால் மின்சுற்று பழுதாகலாம். சரியாக இணைத்த பிறகும், இயங்குதளம் அக்கருவியை அறிந்திருக்க வேண்டும். சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளத்தில் அறிமுகமில்லாத கருவியைச் சேர்க்க, அதன் பெயரையும் இயல்புகளையும் ஒரு கோப்பில் எழுத வேண்டும். தயாரிப்பாளர் பெயருக்கு எட்டு எழுத்திடம். பெயர் குறுகியதாயின் எஞ்சிய இடத்தை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும். இத்தகைய நுட்பங்களைக் கூற வேண்டியவர் கருவியை விற்ற நிறுவனத்தார் அல்லவா?

நிறுவனங்களின் மறைவு

அந்நிறுவனங்களோ நிலைத்து நிற்கவில்லை. டிஜிட்டல் நிறுவனம் தன் நாடாத் தொழிலை 1994இல் குவாண்டத்திற்கு விற்றது. எக்ஸாபைட்டின் உடைமைகள் 2006இல் டாண்ட்பெர்க் டேட்டாவிடம் சென்றன. சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. கைமாறும்போது பழைய பொருள்களுக்கான உதவி தேய்ந்து போவது இயல்பு. இதற்கிடையே கருவியினுள் நாடாவை உருட்டும் ரப்பர் உருளையும் பிசின்போல் இளகிவிடும். மாற்று உறுப்புக்கு எங்கே போவது?

இதன் விளைவை விளக்கப் பணிநிலையங்களுக்கு முற்பட்ட சான்று ஒன்று உண்டு. நாசாவின் லூனார் ஆர்பிட்டர் கலங்கள் 1966, 1967ஆம் ஆண்டுகளில் நிலவைப் படம் எடுத்தன. நாடாக்கள் பத்திரமாக இருந்தன. ஆயினும் மிகப் பழைய ஆம்பெக்ஸ் கருவிகளைப் பழுது நீக்கி ஓடச் செய்த பின்னரே, 2008இல் நிலவுக்கு அப்பால் புவி தோன்றும் படம் அவற்றிலிருந்து மீட்கப்பட்டது. அக்கருவிகளும் பழைய இரும்புக்குப் போயிருந்தால்?

இன்றைய நிலை

2000ஆம் ஆண்டில் வந்த எல்.டி.ஓ. முறையைப் பல நிறுவனங்கள் பொதுவாக ஏற்றதால் குழப்பம் குறைந்தது. ஏழாம் தலைமுறை வரை ஒவ்வொரு கருவியும் இரு தலைமுறை முந்தைய நாடாவையும் படித்தது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக் கருவியோ ஒரு தலைமுறை முந்தையதை மட்டுமே படிக்கிறது. எனவே பொது முறையிலும் காலக்கெடு உண்டு என்பது தெளிவு.

தாளில் எழுதியதைப் படிக்கக் கண்ணும் கல்வியும் போதும். நாடாவைப் படிக்கக் கருவி, இணைப்பு, மென்பொருள், அவற்றை அறிந்தவர் என நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஓர் ஆய்வாளரின் பல்லாண்டு உழைப்பு பேழைக்குள்ளேயே பூட்டப்பட்டுவிடும். ஆகவே எடுத்த நகலை வேறொரு கருவியில் படித்துப் பார்த்தல் வேண்டும்; எழுதிய முறையைப் பேழையின் மேலேயே குறித்தல் வேண்டும்; பழைய கருவி ஓடும்போதே புதியதற்கு மாற்றிவிடல் வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல் நகலே அன்று என்பது என் துணிபு. நாடாவுக்கு மட்டுமன்றி, நம் செய்முறைத் திட்டங்களை நாம் சேமிக்கும் பென் டிரைவுக்கும் இது பொருந்தும்.