அளந்த பிறகு கழற்று

பந்தல்குடி

அன்புள்ள தம்பிக்கு,

ஐடிஐ-யில் மின்வாகன மெக்கானிக் பிரிவில் இடம் கிடைத்தது மகிழ்ச்சி. இரண்டு வருடப் படிப்பு முடிந்ததும் தூத்துக்குடிப் பக்கம் வேலை தேடப் போவதாக எழுதியிருக்கிறாய். 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை அங்கே திறந்தாகிவிட்டது. நம் ஊர் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலைதான், போய் வா. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி உறுத்துகிறது. "லேப்டாப்பை மாட்டினா எங்க கோளாறுன்னு வண்டியே சொல்லிருது, பிறகு எதுக்கு சார் ஓம் விதியைப் போட்டு உருட்டணும்?" நீ ஒருவன் மட்டும் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வரை ரோட்டோரப் பட்டறைக்காரர்களும் இதையே சொல்லித் திரிகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி சொல்வது புகார், தம்பி. கோளாறு எது என்பது அதற்குத் தெரியாது. "செல் மின்னழுத்தம் சமமில்லை" என்று திரையில் வந்தால், பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் பலகைக்கு ஓரிடத்தில் வோல்ட் குறைவாகத் தெரிந்தது என்பது மட்டுமே செய்தி. கெட்டது செல்லா, செல்களைச் சேர்க்கும் நிக்கல் பட்டையின் வெல்டா, அளவெடுக்கும் மெல்லிய வயரா, கனெக்டரின் பின்னா? இந்த நாலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லத்தான் உனக்குச் சம்பளம். பிரிக்கத் தெரியாதவன் பேட்டரிப் பெட்டியையே மாற்றச் சொல்வான். வண்டி விலையில் ஒரு பெரிய பங்கு அந்தப் பெட்டிக்குத்தான். கரிசக்காட்டில் மல்லி போட்டு, நகையை அடகு வைத்து வண்டி வாங்கியவரிடம் போய் அதைச் சொல்வதற்கு முன் உனக்கு வாய் கூச வேண்டும்.

தொடர் இணைப்பு, பக்க இணைப்பு எல்லாம் உனக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். என் கட்சி என்னவென்று சொல்கிறேன். நம் பக்கத்து மின்வண்டிகளுக்கு வரும் சீக்கில் பெரும்பாலானது ஜாயிண்ட்டில்தான் இருக்கிறது. பேட்டரியும் மோட்டாரும் வீணாகப் பழி சுமக்கின்றன. இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி கனெக்டருக்குள் இறங்கி, மழை பெய்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோட்டுக் குழி வயர் முனையிலுள்ள லக்கின் நட்டைத் தளர்த்தும். ஜாயிண்ட் சூடாகி விரியும், ஆறிச் சுருங்கும், ஒவ்வொரு சுற்றிலும் பிடி கொஞ்சம் விடும். நண்பர்கள் இதை என் கிறுக்கு என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

கணக்கைப் பார். கன்ட்ரோலர் 40 ஆம்பியர் இழுக்கிறது. ஒரு ஜாயிண்ட்டில் 0.02 ஓம் தடை சேர்ந்திருக்கிறது. 0.8 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 32 வாட் சூடாகும். சர்க்யூட் வேலைக்கு நீ பிடிக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். மேம்பாலம் ஏறும்போது கரன்ட் 80 ஆம்பியராகட்டும்; வீழ்ச்சி இரட்டிப்பாகி 1.6 வோல்ட் ஆகும், சூடோ நாலு மடங்காகி 128 வாட் ஆகும். சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் திணறிக் கட் ஆவது இப்படித்தான்.

இந்த 0.02 ஓமை மல்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்து அளக்கப் பார்க்காதே. மீட்டரின் இரண்டு வயருக்குமே 0.1, 0.2 ஓம் இருக்கும். வண்டி நிற்கும்போது வோல்ட் பார்த்தாலும் கெட்ட ஜாயிண்ட்டைத் தாண்டி முழு வோல்ட்டும் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரன்ட் இல்லை என்று சொல்லுமளவுக்குச் சிறியது. கண்மாய் நிறையத் தண்ணீர் கிடக்கும்போது மடைக்குள் மண் அடைத்திருப்பது கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. திறந்துவிட்டுப் பாய்ச்சினால்தான் தெரியும். ஆகவே லோடு கொடுத்து, ஜாயிண்ட்டின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்து மில்லிவோல்ட் பார். ஒரே மாதிரி ஜாயிண்ட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடு. தனியாகத் துருத்திக்கொண்டிருப்பதுதான் குற்றவாளி.

லோடு எப்படிக் கொடுப்பது? சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் சும்மா சுற்றினால் கரன்ட் ஏறாது. பிரேக்கைப் பிடித்தால் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் மோட்டாரே கட் ஆகிவிடும். உறை போட்ட கிளிப்புகளை மாட்டி, மீட்டரைப் பதிவு நிலையில் வைத்து, ஏற்றத்தில் ஓட்டிவிட்டு வந்து உச்ச அளவைப் பார். அலுப்பான வேலைதான். அலுப்பு பார்ப்பவன் வேறு தொழிலுக்குப் போகலாம்.

செல்லுக்கும் இதே நியாயம். கொள்ளளவு குறைந்த செல், சார்ஜ் தீரும் நேரத்தில் முதலில் சாயும். ஏற்றும்போது முதலில் நிரம்பும். கெட்ட ஜாயிண்ட் அப்படியில்லை. பாதிச் சார்ஜ் இருந்தாலும் முறுக்கியதும் விழும், விட்டதும் எழும். சார்ஜ் ஏறும்போது அதே இடம் மற்றவற்றைவிட உயர்ந்து தெரியும். உள்தடை கூடிய பழைய செல்லும் இப்படி நடிக்கும். அதனால் நேரே செல்லின் முனையில் ஒரு தரம், அளவெடுக்கும் வயர் சேருமிடத்தில் ஒரு தரம் பார். இரண்டும் ஒன்றானால் செல்லைச் சந்தேகி. வேறானால் பாதையைச் சந்தேகி.

பாதை என்றதும் எனக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் வகுப்பில் எல்எஃப்பி என்று சொல்வார்களே, லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதை முன்வைத்த கட்டுரை 1997-ல் வந்தது. 2019-ல் தன் 97-ஆம் வயதில் நோபல் வாங்கிய குட்இனஃப் பெயரை எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கட்டுரையில் அவர் பெயருக்கு முன்னால் நிற்பவை பாதி, நஞ்சுண்டசுவாமி என்ற இரண்டு பெயர்கள். நம் புத்தகங்களில் அவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அது போகட்டும். அந்தப் பொருள் மலிவு, சூட்டைத் தாங்கும், ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் படுமோசம். பிறகு என்ன செய்தார்கள்? துகள்களின் மேல் கார்பன் பூச்சுப் பூசினார்கள். பாதை சரியானதும் அதே பொருள் உலகத்து வண்டிகளை ஓட்டுகிறது. ஆய்வுக்கூடத்திலும் குற்றம் பாதையில்தான் இருந்தது, பார்த்தாயா!

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைக்காதே. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று திறந்தார்கள். லித்தியம் அயனி செல் செய்யும் முறையை அங்கே உருவாக்கி, 2018-ல் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தமும் போட்டார்கள். பேட்டரி படிக்கிற பையன் ஒரு தரமாவது அந்த வாசலை மிதிக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். "பிஎம்எஸ் கட் பண்ணுது, பைபாஸ் போட்டுட்டேன், இப்ப வண்டி பறக்குது" என்று பெருமை பேசுகிறவனிடம் ஒரு நாள்கூடத் தொழில் பழகாதே. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத்திணறிச் செத்துப்போனார்கள். அந்த வருடம் பல ஊர்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் மின்வண்டி பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதியை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமலாக்கினார்கள். அந்த விதி பெருமளவு பிஎம்எஸ்ஸை நம்பித்தான் நிற்கிறது. நிக்கல் கலந்த லித்தியம் செல் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னுள்ளிருந்தே ஆக்சிஜனை விடும். சாக்கைப் போட்டு மூடினால் அணையாது. நிறையத் தண்ணீர் விட்டுக் குளிரவைக்க வேண்டும்.

கார்களுக்குப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். ஸ்கூட்டர் பேட்டரி பெரும்பாலும் 60 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதால் ஷாக் பயம் குறைவு. ஆனால் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கை மோதிரம், காப்பு, கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்கார். கார் பெரும்பாலும் 300 வோல்ட்டைத் தாண்டும். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் அதில் பொறி தானே அறுபடும். நேர்மின்சாரத்தில் அறுபடாது, இழுக்க இழுக்க நீளும். உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற வயரில் கை வைக்கும் முன் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கு. கையேடு சொல்லும் நேரம்வரை கெபாசிட்டர் வடியக் காத்திரு. கையுறையோடு அளந்து பூச்சியம் என்று உறுதிசெய். அளப்பதற்கு முன்னும் பின்னும் மீட்டரை உயிருள்ள ஒரு பேட்டரியில் வைத்துச் சோதித்துக்கொள். செத்த மீட்டரும் பூச்சியம்தான் காட்டும்.

லேப்டாப் வேண்டாம் என்று சொல்லவில்லை. புகாரைக் கேட்க அது வேண்டும். தீர்ப்பு உன் மீட்டரிலிருந்து வர வேண்டும். முதல் உதவித்தொகை கைக்கு வந்ததும் போன் மாற்றாதே. கேட் 3, 1000 வோல்ட் பாதுகாப்புத் தரமுள்ள மீட்டர் ஒன்று வாங்கு. அடுத்த கடிதத்தில் சுகம் விசாரிக்கும் முன், உன் பட்டறை வண்டி ஒன்றில் ஐந்து ஜாயிண்ட்டுகளின் மில்லிவோல்ட் அளவை எழுதி அனுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் பதில் போடுவேன்.

அன்புடன்,
உன் சார்