பஸ்ஸில் வாந்தி வந்தபின் வெறுத்துப்போன சாப்பாட்டை மீட்பது எப்படி?

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது பிள்ளை வாந்தியெடுக்கிறது. பழி காலையில் சாப்பிட்ட பலாக்காய்க் கறி மேல் விழுகிறது. பிறகு அந்தக் கறி வாசம் பட்டாலே குமட்டல். பஸ்தான் காரணம் என்று பிள்ளைக்கே தெரிந்தாலும் வயிறு கேட்பதில்லை.

இதைப் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். நஞ்சை மறுபடி தின்னாமலிருக்க உடம்பு படிக்கும் பாடம் இது. 1955இல் உளவியல் ஆய்வாளர் ஜான் கார்சியாவும் உடன் ஆய்ந்தவர்களும், சாக்கரின் கலந்த தண்ணீரைக் குடித்த எலிகளைக் குமட்டலூட்டும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். பிறகு அவை அந்த இனிப்புத் தண்ணீரை ஒதுக்கின. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து வயிறு புரட்டினாலும், ஒரே தடவையில் வெறுப்பு பதிந்துவிடும்.

1. ஒவ்வாமையா என்று பாருங்கள். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தால் வீட்டில் பழக்கிப் பார்க்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

2. வற்புறுத்தாதீர்கள். குமட்டலோடு விழுங்கினால் வெறுப்பு கூடும். வயிறு முழுதாகத் தேறட்டும்.

3. மணத்தை மாற்றுங்கள். வெறுப்பு சுவையோடு மணத்திலும் ஒட்டியிருக்கும். கறித்தூள், கறுவா, கராம்பு எதுவும் போடாமல், பலாக்காயை உப்பும் மஞ்சளும் சேர்த்து அவித்து, தேங்காய்ப்பூ தூவிக் கொடுங்கள்.

4. நல்ல பசி நேரத்தில், கரண்டி நுனியளவு மட்டும் வையுங்கள். வீட்டார் அதையே ருசித்துச் சாப்பிடுவதைப் பிள்ளை பார்க்கட்டும். குமட்டவில்லையென்றால் அடுத்த முறை சற்றுக் கூட்டுங்கள். குமட்டினால் பழைய அளவுக்கே திரும்புங்கள்.

5. பழைய வாசனைச் சரக்குகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதலில் கறித்தூள் ஒரு சிட்டிகை, அது பழகியபின் கறுவா, கடைசியாகக் கராம்பு. சாப்பிட்டும் வயிறு சுகமாயிருக்கும் ஒவ்வொரு முறையும் பழைய பாடம் தளரும்.

6. அடுத்த பயணத்துக்கு முன்பே காத்துக்கொள்ளுங்கள். புது உணவுகளில்தான் வெறுப்பு சுலபமாக ஒட்டும். அதனால் கிளம்புமுன் நாளாந்தம் பழகிய சாப்பாட்டைக் கொஞ்சமாகக் கொடுங்கள். புதுப் பலகாரம் வேண்டாம்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இடையில், பழக்கமில்லாத சுவையுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்தால் வெறுப்பு அந்த மிட்டாய் மேல் போய், சாப்பாடு ஓரளவு தப்பும் என்று பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு காட்டியது. சிகிச்சை பெறுபவர் டாக்டரைக் கேட்டபின் இதைச் செய்யலாம்.

பிள்ளை ஒதுக்கும் சாப்பாடுகள் கூடிக்கொண்டே போனாலோ, எடை குறைந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.