கடன் வாங்கிய பூட்ஸில் 13 கோல்

கேள்வி: ஒரே உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர் பீலேவா, மரடோனாவா?

பதில்: இருவருமில்லை. பிரான்சின் முன்கள வீரர் ஜுஸ்த் ஃபோன்தேன். 1958-இல் ஸ்வீடனில், ஆறே ஆட்டங்களில் 13 கோல்! அதில் நான்கு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக அடித்தவை. இத்தனையும் கடன் வாங்கிய பூட்ஸில். அவருடையது கிழிந்துபோக, அணித்தோழர் ஸ்தெஃபான் புரூயே தன்னுடையதைக் கொடுத்தார். (பூட்ஸுக்கும் ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்!)

மொராக்கோவின் மராகேஷில் பிறந்தவர். ரேம்ஸ் கிளப்பின் நட்சத்திரம். பிரான்சுக்காக 21 ஆட்டங்களில் 30 கோல். ஆனால் கால் எலும்பு இருமுறை முறிந்து, 1962-இல், 28 வயதிலேயே ஓய்வுபெற வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் 89 வயதில் காலமானார். அந்த 13 அன்றும் முறியடிக்கப்படாமலே இருந்தது.