அம்மாவின் இடது கையும் ஐந்து ஆங்கிலச் சொற்களும்



இங்கிலீஷ் டீச்சர் எங்கள் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாங்க. "உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு வேலையைத் திறமையாகச் செய்வதை ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதி வாங்க. ஐந்திலும் ஒரே சொல்லைப் போடக் கூடாது" என்றார்கள். எனக்குத் தெரிந்தது 'ஸ்கில்ஃபுல்' ஒன்றுதான். மீதி நாலு சொல்லுக்கு டீச்சரிடமே அகராதி வாங்கிப் பார்த்தேன். அதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாரைப் பற்றி எழுதுவது? எங்கள் வீட்டில் பட்டுத்தறி இருக்கு. ஆரணிக்குத்தான் சேலை போகும். அப்பா தறியில் உட்காருவார். அம்மா தார் சுற்றுவாங்க. பாவு தீர்ந்ததும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை ஒவ்வோர் இழையாக முறுக்கிச் சேர்ப்பதும் அம்மாதான். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழை. அதனால் அம்மாவைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

1. நிம்பிள்

வேகமாகவும் லேசாகவும் அசைவது 'நிம்பிள்'. விரலுக்கும் சொல்லலாம், ஆட்டுக்குட்டிக்கும் சொல்லலாம். இது பழைய ஆங்கிலத்தில் 'எடு' என்ற பொருள் உள்ள ஒரு சொல்லிலிருந்து வந்ததாம். அதாவது சட்டென்று எடுக்கிற கை.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் (1837-39) இந்தச் சொல் வருகிறது. ஃபேகின் என்ற கிழவன் பையில் கடிகாரம், கைக்குட்டை எல்லாம் வைத்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறான். இரண்டு பையன்கள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். அவன் திரும்பினால் அவர்களைக் காணோம்! ஆலிவர் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறான். அது பிக்பாக்கெட் பயிற்சி என்று பாவம் அவனுக்குத் தெரியாது. ஆக, கெட்ட வேலைக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

2. டெஃப்ட்

அலட்டிக்கொள்ளாமல், ஓர் அசைவுகூட வீணாக்காமல், நேர்த்தியாகச் செய்வது 'டெஃப்ட்'. நம்ம தமிழில் 'லாவகம்' என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். 'டாஃப்ட்' என்று இன்னொரு சொல் இருக்கு. அதற்குப் பொருள் மடத்தனம்! இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. வேர்ச்சொல்லுக்குப் பொருள் 'சாதுவான'. சாதுவாக இருப்பவர்களைச் சிலர் வேலையில் கெட்டி என்கிறார்கள், சிலர் ஏமாளி என்கிறார்கள். நம்ம ஊரிலும் அப்படித்தானே!

3. டெக்ஸ்டரஸ்

கைத்திறன் உள்ளவர் என்று பொருள். இந்தச் சொல் பெரிதாக, அழகாக இருந்ததால், "என் அம்மா டெக்ஸ்டரஸ் ஆனவர்" என்று முதல் வாக்கியமாக எழுதிவிட்டேன். பிறகுதான் அகராதியில் மேலே படித்தேன். லத்தீன் மொழியில் 'டெக்ஸ்டர்' என்றால் வலது.

என் அம்மா இடது கைக்காரர்!

4. அட்ராய்ட்

சரி, அடுத்த சொல்லைப் போடலாம் என்று பார்த்தேன். 'அட்ராய்ட்' பிரெஞ்சிலிருந்து வந்தது. அந்த மொழியில் 'ட்ருவா' என்ற சொல்லுக்கு நேர், சரி, வலது என்று எல்லாப் பொருளும் உண்டு. இங்கேயும் வலதுதான். பிரெஞ்சில் இடதுக்கு 'கோஷ்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம் பக்குவம் இல்லாத, அசடான. லத்தீனில் இடது 'சினிஸ்டர்'. ஆங்கிலத்தில் அது தீய நோக்கம் உள்ளதைக் குறிக்கும். இரண்டு கையாலும் நன்றாக வேலை செய்பவருக்காவது நல்ல சொல் இருக்கா என்று தேடினேன். 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்'. பிரித்தால் 'இரண்டும் வலது கை'! இடது கை நன்றாக வேலை செய்தால் அதையும் வலது கை ஆக்கிவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது. தமிழிலும் 'வலம்' என்றால் வெற்றி, வலிமை. புதுப்பெண்ணை வலது காலை எடுத்து வைத்து வா என்கிறோம். எங்க ஆயா இன்னமும் அம்மாவிடம், "பீச்சாங்கையால எதையும் குடுக்காதே" என்பாங்க. ஆனால் காந்தியடிகள் 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது 'இந்திய சுயராஜ்யம்' நூலை எழுதினார். வலது கை வலித்தபோது இடது கையால் எழுதினார். சுமார் 40 பக்கம் இடது கையால் எழுதியது. அந்தப் பக்கங்களுக்கு மதிப்பு குறைந்தா போச்சு?

நெசவாளரைப் பற்றி எழுதியவர்கள்

நெசவாளியின் கையைப் பற்றி யாராவது ஆங்கிலத்தில் எழுதியிருக்காங்களா என்று டீச்சரிடம் கேட்டேன். 'சைலஸ் மார்னர்' (1861) கதையைச் சொன்னார்கள். எழுதியவர் ஜார்ஜ் எலியட். பெயர் ஆண் பெயர், ஆனால் அவர் ஒரு பெண்மணி! அதில் சைலஸ் என்ற நெசவாளி நண்பனால் ஏமாற்றப்பட்டு, புது ஊருக்கு வந்து தனியாகத் தறி நெய்கிறான். அவன் கை வேகத்தைப் பார்த்து ஊர்க்காரர்களுக்குப் பயம். கற்றுக்கொண்ட விதம் கண்ணுக்குத் தெரியாததால் எந்தத் திறமையும் அவர்களுக்கு மாயவித்தை மாதிரித் தோன்றியது என்று ஆசிரியை எழுதுகிறார். சோகத்தில் அவன் சிலந்தி போல யோசிக்காமல் நெய்தான் என்றும் எழுதுகிறார்.

வரலாறு சார் இன்னொருவரைச் சொன்னார். 1760 ஜனவரி 22-ல் நம்ம வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்த போர் நடந்தது அல்லவா? அந்தக் காலத்துப் போர்களை எல்லாம் வரலாறாக எழுதியவர் ராபர்ட் ஓர்ம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர், சென்னையில் வேலை பார்த்தவர். அவர் இந்தியப் பெண்கள் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுப்பதைப் பற்றியும் எழுதினார். நூல் விரல் வழியே ஓடும் வேகத்துக்குக் கண்ணால் தொடர முடியாதாம். ஆனாலும் நூலின் தரம் மாறுகிற அதே இடத்தில் சரியாக அறுத்துவிடுவார்களாம். இதைப் படித்து சந்தோஷப்பட்டேன். ஆனால் அவர் காரணம் என்ன சொன்னார் தெரியுமா? இந்த நாட்டு மக்களின் உடம்பும் கையும் பிறவியிலேயே மென்மை, அதனால்தான் என்றார்.

இதை அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இழை முறுக்கிக்கொண்டு இருந்தாங்க.

"என்னாடி மென்மை? தொட்டுப் பாரு" என்று கையை நீட்டினாங்க. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காய்ச்சுப் போய்ச் சொரசொரன்னு இருந்தது.

"இது பொறந்தப்பவே வந்ததா? ஒன்பது வயசுல எங்கம்மா பக்கத்துல உக்காந்தேன். இழை அறுந்தா குட்டு விழும். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தனியா ஒரு பாவு முடிச்சேன்."

"இப்ப பார்க்காமலே முறுக்குறியே, எப்படிம்மா?"

"தப்பான இழை வந்தா விரலுக்குத் தெரியும்" என்றாங்க.

5. ஸ்கில்ஃபுல்

கடைசியாக, எனக்கு முன்பே தெரிந்த சொல்லையும் அகராதியில் பார்த்தேன். 'ஸ்கில்' வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் 'வேறுபாட்டைப் பிரித்து அறிவது'. எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது. அம்மா சொன்னதும் அதுதானே! ஓர்ம் பார்த்த பெண்களும் அதைத்தான் செய்தார்கள். அது தோலின் மென்மை இல்லை, அறிவு. சிலந்திக்கு யாரும் குட்டு வைத்துச் சொல்லித் தரவில்லை. என் அம்மா கற்றுக்கொண்டாங்க. தமிழில் 'கைதேர்ந்த' என்கிறோம். அந்தச் சொல்லும் இடதா வலதா என்று கேட்பதில்லை. கை தேர்ச்சி பெற்றிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

இப்போது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த வருடத் தொடக்கத்தில் நான் நிரப்பிய ஒரு படிவத்தில் 'தந்தை தொழில்: நெசவு' என்று எழுதினேன். 'தாய் தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை, நானாகத்தான் எழுதினேன். தறியில் உட்காருபவர் மட்டும்தான் நெசவாளி என்று நினைத்திருந்தேன். அம்மா இழை சேர்க்காவிட்டால் அப்பா எதை நெய்வார்? ரேவலோ ஊர்க்காரர்களுக்காவது சைலஸின் கையைப் பார்த்துப் பயம் வந்தது. எனக்குப் பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு, அந்த 'இல்லை'யை அடித்துவிட்டு 'நெசவு' என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுப்பாடத்தில் முதல் வாக்கியத்தையும் மாற்றினேன்: "மை மதர் இஸ் எ ஸ்கில்ஃபுல் வீவர்."

நினைவில் வைக்க:

நிம்பிள் - வேகம், லேசான அசைவு.
டெஃப்ட் - லாவகம், நேர்த்தி.
டெக்ஸ்டரஸ் - கைத்திறன்.
அட்ராய்ட் - கையாலோ பேச்சாலோ சாமர்த்தியமாகச் சமாளிப்பது.
ஸ்கில்ஃபுல் - கற்றுத் தேர்ந்த திறமை.

உங்களுக்கு ஒரு பயிற்சி: உங்கள் வீட்டில் பாய் பின்னுபவர், பூக் கட்டுபவர், நாற்று நடுபவர் யாராவது ஒருவரைப் பத்து நிமிடம் பாருங்கள். டிக்கன்ஸ் செய்த மாதிரி முதலில் கை என்ன செய்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். எப்போது, யாரிடம் கற்றார் என்று அவரிடமே கேளுங்கள். அதற்குப் பிறகு ஐந்தில் எந்தச் சொல் பொருந்தும் என்று தேர்ந்தெடுங்கள்.

பிழை இருந்தால் ஆசிரியர்கள் பொறுத்தருளவும். 

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி