உக்கும் பம்பர்ஸ்: எங்கே போடுவது?

பைக்கற்றில் ‘உக்கக்கூடியது’ என்று இருந்தாலும், பம்பர்ஸ் வீட்டு மண்ணில் இலகுவில் உக்காது. மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் இப்படிச் செய்யுங்கள்:

1. வாங்குமுன் விபரத்தைப் படியுங்கள். மேற்பகுதி மூங்கில் நாராக இருந்தாலும், ஈரம் உறிஞ்சும் மணிகள் பெரும்பாலும் உக்காத சோடியம் பொலிஅக்ரிலேற்றுதான்.

2. மலத்தை மட்டும் கழிவறைக்குள் தட்டிவிடுங்கள். பம்பர்ஸையும் போட்டால், அது ஊதிப்போய், குழாயை அடைக்கும்.

3. பம்பர்ஸை இறுக்கிச் சுருட்டி, பழைய பேப்பரில் சுற்றி, மூடியுள்ள வாளியில் வையுங்கள். நாயும் காகமும் கிளறாது.

4. சமையல் குப்பையோடு சேர்க்காமல், குப்பை வண்டிக்குத் தனியாகக் கொடுங்கள். கலந்தால் பசளையாகும் குப்பையும் பழுதாகும்.

5. வளவில் புதைக்காதீர்கள். கரையோர மணலில் நிலத்தடி நீர் ஆழமில்லை. மாரி மழையில் அழுக்கு கிணற்றுக்கு இறங்கும்.

6. எரிக்காதீர்கள். ஈரமானது சரியாக எரியாது. நச்சுப் புகைதான் கிளம்பும்.

7. வாவியிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். மீன்குஞ்சும் இறாலும் வளரும் கண்டல் வேர்களில் போய்ச் சிக்கும்.

8. பகலில் பருத்திச் சீலை கட்டுங்கள். இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் பம்பர்ஸ். குப்பையும் குறையும், காசும் மிஞ்சும்.